தங்கச்சி பொண்ணு, என் பொண்ணு

வெளிநாட்டு நகரம் ஒன்றில், ஓட்டலின் அடித்தளத்தில் இருக்கும் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பெயர் அக்கா. சட்டையில் குத்தியிருக்கும் பெயர்ப்பட்டையிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தமிழ் பேசும் ஒருத்தி அங்கே இருந்தாள். அவள் வாய்க்கு வாய் "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டதைக் கேட்ட மேற்பார்வையாளர், அதுதான் பெயர் என்று முடிவுகட்டி அச்சடித்துக் கொண்டுவந்துவிட்டார். அந்தத் தமிழ்க்காரி வேறு வேலைக்குப் போய்ப் பல வருஷம் ஆகிறது. இவள் மட்டும் அக்காவாகவே நின்றுவிட்டாள். துணி உலர்த்தும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர் இவளைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். அவரும் அக்கா என்கிறார். "கூப்பிட்டா கூப்பிடட்டும், சொத்துல பங்கா கேக்கப்போறார்?" என்று சிரிப்பாள்.

உறவுச்சொல் விஷயத்தில் அவள் அவ்வளவு தாராளம். காய்கறிக் கடைக்காரர் அண்ணன். பேருந்தில் பக்கத்தில் உட்காரும் வயதானவள் அம்மா. எதிர்வீட்டுக் குழந்தைக்கு இவளே வலியப் போய் அத்தை ஆகியிருக்கிறாள். இதெல்லாம் ஒருநாள் சட்டப்படி குற்றமாக முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால், அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நடையைக் கட்டியிருப்பாள்.

வேலையில் மட்டும் கறார். சூடான உருளைக்குள் ஒரு பக்கம் ஈரமாகப் போகும் படுக்கைவிரிப்பு, மறுபக்கம் மொடமொடவென்று வந்து விழும். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, உதறி, மடித்து, தள்ளுவண்டியில் அடுக்க வேண்டும். எதிரே நின்று மடிப்பவள் வேறு தேசத்துக்காரி. இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. மூலையை இழுக்கிற இழுப்பிலேயே பேசிக்கொள்வார்கள். லேசாக இழுத்தால் சரி என்று அர்த்தம், வெடுக்கென்று இழுத்தால் எங்கே பார்க்கிறாய் என்று அர்த்தம். மடிப்பு கோணினால் இவளுக்கு மூக்குமேல் கோபம் வந்துவிடும். பிரித்து மறுபடி மடிக்க வைத்துவிட்டுத்தான் விடுவாள்.

அதற்கெல்லாம் முன்பு, ஊரில், கல்யாணமாகி ஏழெட்டு வருஷம் அவளுக்குப் பிள்ளை இல்லை. பார்க்காத டாக்டர் இல்லை, கேட்காத பேச்சு இல்லை. அவளுக்கு ஒரே ஒரு தங்கை. அந்தத் தங்கையின் குழந்தைக்கு எட்டு மாதம் இருக்கும்போது, தங்கையும் அவள் புருஷனும் போன பேருந்து லாரியில் மோதியது. சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்கிறோம் என்று குழந்தையை அன்று காலையில்தான் இவளிடம் விட்டுப் போயிருந்தார்கள். போனவர்கள் வரவில்லை. குழந்தை இவள் இடுப்பிலேயே தங்கிவிட்டது. யாரும் கூடிப் பேசவில்லை, யாரும் யாரிடமும் ஒப்படைக்கவில்லை. அழுதால் எப்படித் தூக்கினால் நிறுத்தும் என்று இவளுக்குத்தான் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

"முறையா தத்து எடுத்துக்கலாமே" என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் அப்போதே சொன்னார். இவளுக்கு வந்ததே கோபம். "தத்து எடுக்கிறது ஊரான் பிள்ளையை. என் பிள்ளையை நான் எதுக்குங்க தத்து எடுக்கணும்?" என்று கேட்டாள். அவர் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

தமிழில் பார்த்தால் அவள் சொன்னதில் ஒரு பிழையும் கிடையாது. ஒரு பெண்ணுக்கு அவளுடைய அக்கா தங்கை பிள்ளைகள் மகன், மகள்தான். அண்ணன் தம்பி பிள்ளைகள்தான் மருமகன், மருமகள். பாப்பா பேச ஆரம்பித்ததும் இவளைப் பெரியம்மா என்றது. அம்மா, அதிலும் பெரிய அம்மா. இதற்குமேல் என்ன பதவி வேண்டும்? பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அம்மா பெயர் கேட்டார்கள், தன் பெயரைச் சொன்னாள். அதில் மறைக்க என்ன இருக்கிறது? சுவரில் மாட்டிய படத்தைக் காட்டி, "இது உன்னைப் பெத்த அம்மா, இது அப்பா" என்று சொல்லிச் சொல்லித்தான் சோறூட்டினாள். பாப்பாவுக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும்.

பாப்பாவுக்கு ஆறு வயதாகும்போது புருஷனுக்கு வெளிநாட்டில் பார்சல் வண்டி ஓட்டும் வேலை கிடைத்தது. புருஷன் பெண்சாதிக்கு மட்டும்தான் அனுமதி. பாப்பாவை நாத்தனாரிடம் விட்டுவிட்டு, ஒரே வருஷத்தில் கூட்டிக்கொள்கிறோம் என்று சொல்லிக் கிளம்பினார்கள். அந்த ஒரு வருஷம் நீண்டுகொண்டே போனது. வேலை அனுமதி, அதற்குப் புதுப்பிப்பு, மறுபடி அனுமதி, மறுபடி புதுப்பிப்பு. பாப்பா வளர்ந்ததெல்லாம் கைப்பேசித் திரையில்தான். பல் விழுந்ததும் அதில்தான், பல் முளைத்ததும் அதில்தான். கடைசியில் ஒருவழியாக நிரந்தர வசிப்புரிமை வந்தபோது பாப்பாவுக்குப் பதினேழு ஓடிக்கொண்டிருந்தது. நாத்தனாருக்குக் கண் மங்கிப்போய், மகன் வீட்டோடு போய் இருக்க வேண்டிய நிலைமை. அந்த மகன் வீட்டில் பாப்பாவுக்கு இடம் இல்லை என்பதை அவன் மனைவி நாசூக்காகச் சொல்லாமல் நேராகவே சொல்லிவிட்டாள்.

பதினெட்டு நிறைவதற்குள் மனு போட்டாக வேண்டும். நிறைந்துவிட்டால் பிள்ளை என்ற வகையில் வரவே முடியாது. புருஷன் கணினி முன்னால் உட்கார்ந்து மனுவை நிரப்பினார்.

"ஏம்மா, ஸ்பான்ஸர்னு உன் பேரைப் போட்டிருக்கேன்."

"டி.வி. நிகழ்ச்சிக்குத்தானே ஸ்பான்ஸர் வருவாங்க?"

"இங்க பிள்ளைக்கும் வருவாங்க. நீதான் கூப்பிடுற ஆள்னு அர்த்தம். உறவுமுறைன்னு கேக்குது, என்ன போட?"

"இதையெல்லாம் கேப்பாங்களா? மகள்னு போடுங்க."

பெற்றோர் பெயர் இருக்கிற சான்று ஒன்று கேட்டார்கள். கைக்கு எட்டிய பள்ளிச் சான்றிதழை ஏற்றினார். சில வாரம் கழித்து, தாயும் மகளும் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று தகவல் வந்தது. புருஷனுக்குச் சந்தேகம் வந்தது. "ஏம்மா, இதுல ஏதும் சிக்கல் வருமோ?" என்று கேட்டார். "எதுக்கு வரணும்? என் ரத்தம் வேற, என் தங்கச்சி ரத்தம் வேறயா?" என்று அவள் அடித்துச் சொல்லிவிட்டாள். ஆய்வகத்தில் வாயை நன்றாகத் திறந்து காட்டினாள். பஞ்சு சுற்றிய குச்சியால் கன்னத்தின் உட்பக்கம் தடவி எடுத்துக்கொண்டார்கள். அங்கே ஊரில் பாப்பாவுக்கும் அப்படியே எடுத்தார்கள். வேலை முடிந்தது என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

நேர்காணலுக்குக் கூப்பிட்ட அன்று அவள் இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனாள். குடிவரவு அலுவலகத்தில் ஜன்னல் இல்லாத சின்ன அறை. மேஜைக்கு அந்தப் பக்கம் இவள் வயதிலேயே ஒரு பெண் அதிகாரி. மேஜை நடுவில் ஒரு தொலைபேசி, அதற்குள்ளிருந்து தமிழில் பெயர்த்துச் சொல்லும் ஓர் இளம்பெண்ணின் குரல். அதிகாரி மரியாதையாகத்தான் ஆரம்பித்தாள். தினமும் பாப்பாவோடு பேசியதற்கு ஆதாரமாகக் கொடுத்திருந்த பட்டியலைப் பார்த்து, உங்கள் அப்பாவிடம் தினமும் பேசுகிறீர்களே, மகளிடம் எப்போது பேசுவீர்கள் என்று கேட்டாள். இவள் முழித்தாள். அப்புறம்தான் புரிந்தது, கைப்பேசியில் ஆங்கில எழுத்தில் 'பாப்பா' என்று பதிந்து வைத்ததை அப்பா என்று படித்திருக்கிறார்கள். இவள் விழுந்து விழுந்து சிரித்தாள். தொலைபேசிக் குரலும் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை.

"பரிசோதனை முடிவு வந்திருக்கு. அந்தப் பொண்ணு உங்களுக்குப் பொறந்தவங்க இல்லைன்னு சொல்றாங்க" என்றது குரல்.

"ஆமா, அது தெரிஞ்சதுதானே" என்றாள் இவள்.

"என்ன சொன்னீங்க?" என்று குரல் திரும்பக் கேட்டது.

"எனக்குத் தெரியும்னு சொன்னேன். அவ என் தங்கச்சிக்குப் பொறந்தவ. தங்கச்சி உயிரோட இல்ல."

குரல் அதைப் பெயர்த்துச் சொன்னது. அதிகாரி பேனாவைக் கீழே வைத்தாள். "பிறகு ஏன் மகள் என்று சொன்னீர்கள்?" என்ற கேள்வி தமிழில் வந்து சேர்ந்தது.

"என்னங்க இது? தங்கச்சி பொண்ணு என் பொண்ணு இல்லாம பின்ன யார் பொண்ணு?"

இதற்குமேல் சிரிப்பு இல்லை. அதிகாரி நீளமாகப் பேசினாள். குரல் துண்டு துண்டாகத் தமிழில் இறக்கியது. தவறான தகவல் தந்ததாகக் கருத இடம் இருக்கிறது. மனு நிராகரிக்கப்படலாம். அந்தப் பெண் சில வருஷங்களுக்கு இந்த நாட்டுக்கு மனுவே போட முடியாமல் போகலாம். உங்கள் வசிப்புரிமையும் மறுபரிசீலனைக்கு வரலாம். பதில் சொல்ல அவகாசம் உண்டு, வக்கீல் வைத்துக்கொள்ளலாம். இவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. தூக்கிக்கொண்டு போன பையை நாற்காலியிலேயே விட்டுவிட்டு வெளியே வந்துவிட, அதிகாரியே எடுத்துக்கொண்டு வந்து கொடுக்க வேண்டியதாயிற்று. பொய்க்காரி என்று ஒருவர் அவளைச் சொன்னது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. அதுவும் எந்த வார்த்தைக்கு!

வீட்டில் புருஷனிடம் சொன்னபோது அவர் பேயறைந்தாற்போல உட்கார்ந்துவிட்டார். "தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறன்னு சும்மாவா சொன்னாங்க" என்றார்.

"அதுதாங்க எனக்கு ஆறல. வாயில குச்சியை விட்டுத் தடவிட்டு, வயித்தைப் பத்திச் சொல்லிட்டாங்க" என்றாள்.

வக்கீல் அலுவலகம் ஒரு செருப்புக் கடைக்கு மேலே இரண்டு அறை. வக்கீல் சின்னப் பெண். அப்பா அம்மா தமிழர்கள், அவள் இங்கேயே பிறந்தவள். தமிழ் வீட்டில் கேட்டதோடு சரி, மீதிக்குக் கைப்பேசி அகராதி. "உக்காருங்க ஆன்ட்டி" என்றாள்.

"பார்த்தும்மா, என்னை ஆன்ட்டின்னு கூப்பிடுற. உன் மேலயும் கேஸ் போட்டுடப் போறாங்க" என்றாள் இவள். வக்கீல் சிரித்துவிட்டு, சிரிப்பு அடங்கியதும் பொறுமையாக விளக்க ஆரம்பித்தாள். சட்டத்தில் பிள்ளை என்றால் இரண்டே வகை. ஒன்று, நீங்கள் பெற்றது. இரண்டு, கோர்ட் மூலமாகத் தத்து எடுத்தது. வளர்த்தது, சோறு போட்டது, ராத்திரி முழித்தது எதுவும் அதில் வராது.

"அப்ப நான் அவளுக்கு யாரு?"

"உங்க கேஸ்ல? ஒண்ணும் இல்ல ஆன்ட்டி."

பாவம், தமிழ் போதாமல் சொன்னது. வழக்கில் இப்போதைக்கு எந்த வகையிலும் வரவில்லை என்பதைத்தான் அப்படிச் சொன்னாள். ஆனால் கேட்டவளுக்கு அது அப்படியே நெஞ்சில் இறங்கியது. தண்ணீர் குடிக்க எடுத்த குவளையைக் குடிக்காமலே வைத்தாள்.

"எனக்குத்தான் நிரந்தர வசிப்புரிமை குடுத்துட்டாங்களே. அதை எப்படித் திரும்பக் கேப்பாங்க?"

"நிரந்தரம்னா, தப்பு ஏதும் பண்ணாத வரைக்கும் நிரந்தரம்."

"அதுக்கு எதுக்கும்மா அந்தப் பேரு? இருக்கிற வரைக்கும்னு வெச்சிருக்கலாமே" என்றாள் இவள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்துவிட்டது. பாப்பாவைக் கூட்டிவரப் போட்ட மனு, இருப்பவர்களையும் பெட்டி கட்ட வைத்துவிடும் போலிருந்தது.

ஒரு வழி இருக்கிறது என்றாள் வக்கீல். தாய் தகப்பன் இருவரும் இல்லாத, பதினெட்டு நிறையாத, உடன்பிறந்தவரின் பிள்ளையைக் கூப்பிட்டுக்கொள்ளத் தனி வகை உண்டு. முதல் மனுவை வாபஸ் வாங்க வேண்டும். செய்தது உள்நோக்கம் இல்லாத தவறு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு புது வகையில் போடலாம். ஆஸ்பத்திரியில் தந்த அசல் பிறப்புச் சான்றிதழும் இரண்டு இறப்புச் சான்றிதழும் வேண்டும். மூன்றும் நாத்தனார் வீட்டு பீரோவில் இத்தனை வருஷமும் சும்மாதான் கிடந்தன. யாரும் கேட்கவில்லை, அதனால் யாரும் எடுக்கவில்லை.

"இனிமே யார் கேட்டாலும் நீங்க கரெக்டான வார்த்தை சொல்லணும் ஆன்ட்டி" என்ற வக்கீல், கைப்பேசியைத் தட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டி வாசித்தாள். "ம-ரு-ம-க-ள். அவ உங்க மருமகள்னு சொல்லணும்."

இவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மருமகளா? எனக்கு ஏதும்மா மகன்?"

"மகன் எதுக்கு?"

"மகன் கட்டிக்கிட்டு வந்தவதானே மருமக?"

வக்கீல் மறுபடி கைப்பேசியைப் பார்த்தாள். அகராதி மருமகள் என்றுதான் சாதித்தது. அண்ணன் மகள், தங்கை மகள், மகன் பெண்டாட்டி எல்லோருக்கும் அதில் ஒரே வார்த்தை. இருவரும் அரைமணி நேரம் மல்லுக்கட்டி, கடைசியில் "தங்கச்சி வயித்துல பொறந்தவ" என்ற இடத்தில் வந்து நின்றார்கள். வக்கீல் ஓர் எச்சரிக்கையும் சொன்னாள். கேட்பார்கள், உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா என்று. இல்லை என்று சொல்ல வேண்டும். சுற்றி வளைக்கக் கூடாது, விளக்கம் சொல்லக் கூடாது. இல்லை, அவ்வளவுதான்.

பிள்ளை இல்லை என்று ஊர் சொல்லக் கேட்டிருக்கிறாள், அதற்காக அழுதும் இருக்கிறாள். தன் வாயால் சொல்லிப் பழக்கம் இல்லை. அடுத்த சில நாள் விரிப்பு மடிக்கையில் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். எதிரே நிற்பவள், தன்னிடம்தான் ஏதோ கேட்கிறாள் என்று நினைத்து மூலையை லேசாக இழுத்துச் சரி என்றாள்.

பாப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பெரும்பாடாக இருந்தது. பாப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அப்ப இனிமே உங்களை மாமியார்னு கூப்பிடட்டுமா?" என்றாள். இவள் சிரிக்க வேண்டியதாகப் போயிற்று.

"சொல்லிடுங்க பெரியம்மா. ஆபீஸ்ல சொல்றதுதானே" என்றாள் பாப்பா. பதினேழு வயதுக்கு அவளுக்கு நிதானம் அதிகம். அந்த நிதானம் எங்கிருந்து வந்தது என்று இவளுக்குத் தெரியாது. தன்னிடமிருந்து வரவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

இரண்டாவது நேர்காணலில் அதே அறை, அதே அதிகாரி. சுவரில் ஒரு திரை. அதில் ஊரில் இருக்கும் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த பாப்பா. தலையை வழித்து வாரி, பள்ளிக்கூடத்துக்குப் போவதுபோல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வக்கீல் பக்கத்தில் இருந்தாலும் நடுவில் பேசக் கூடாது. தொலைபேசியில் இந்தத் தடவை வேறு ஆள், மேடையில் பேசுவதுபோலப் பேசும் ஒரு கனத்த ஆண் குரல்.

"திரையில் தெரியும் பெண் தங்கள் மருமகள்தானா என்று அம்மையார் வினவுகிறார்."

"ஐயோ, மருமக இல்லைங்க!"

வாயிலிருந்து வந்துவிட்டது. குரல் கடமை தவறாமல் பெயர்த்தது. அதிகாரி சட்டென்று நிமிர்ந்தாள். வக்கீலின் முகம் வெளுத்துவிட்டது. பரிசோதனையில் மகள் இல்லை என்று ஆயிற்று, இப்போது உடன்பிறந்தவளின் மகளும் இல்லை என்று இவளே சொல்லிவிட்டாள். அதிகாரி எழுதப் போவதைப் பார்த்ததும் இவள் பதறி எழுந்தாள். மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "எழுதாதீங்க, எழுதாதீங்க" என்று அந்த நாட்டு மொழியிலேயே சொன்னாள். பிறகு தொலைபேசிப் பக்கம் குனிந்து தமிழில் கொட்டினாள்.

"மருமகள்னா எங்க பேச்சுல மகன் பொண்டாட்டிங்க. எனக்கு மகன் கிடையாது. இவ என் கூடப்பொறந்த தங்கச்சி வயித்துல பொறந்தவ. தங்கச்சியும் இல்ல, தங்கச்சி புருஷனும் இல்ல. அதை அப்படியே சொல்லுங்க, நீங்களா ஒரு வார்த்தை போடாதீங்க."

கனத்த குரல் கொஞ்சம் தடுமாறி, அப்படியே சொன்னது. அதிகாரி தலையசைத்தாள். அடுத்த கேள்வி, எதிர்பார்த்த கேள்வி.

"தங்களுக்குப் பிள்ளைகள் உண்டா?"

"இல்ல."

சொல்லிவிட்டாள். இத்தனை நாள் பழகியது வீண்போகவில்லை. திரைப் பக்கம் பார்க்காமல் சொன்னாள். முடிந்தது என்று மூச்சு விடுவதற்குள் அதிகாரி இன்னொன்று கேட்டாள். இது வக்கீல் சொல்லிக்கொடுத்ததில் இல்லை.

"முதல் மனுவில் ஒரு மகள் உண்டு என்றீர்கள். இப்போது பிள்ளை இல்லை என்கிறீர்கள். இரண்டில் எது பொய்?"

எது பொய் என்றால் என்ன சொல்வது? இப்போது சொன்னதுதான் பொய் என்று நெஞ்சு சொல்கிறது. அப்படிச் சொன்னால் பாப்பா வர முடியாது. இவள் நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். பாப்பா அங்கிருந்து இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கவில்லை, உதட்டை மட்டும் இறுக்கி வைத்திருந்தாள். சொல்லுங்கள் என்பதுபோல லேசாகத் தலையை ஆட்டினாள்.

"முதல்ல சொன்னதுதான் பொய். அவ என் பொண்ணு இல்ல" என்றாள்.

அதிகாரி அதை எழுதிக்கொண்டாள். பாப்பாவிடம் இரண்டொரு கேள்வி கேட்டாள். இவர் உங்களுக்கு யார் என்பது ஒன்று. "அம்மாவோட அக்கா" என்றாள் பாப்பா, ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வெளியே வந்ததும் வக்கீல் இவளைக் கட்டிப்பிடித்து, "சூப்பரா பண்ணீங்க ஆன்ட்டி, கேஸ் நல்லா இருக்கு" என்றாள். இவள் நடைபாதைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நன்றாகச் செய்தாயிற்று என்பது உண்மைதான். ஆனால் வாழ்க்கையில் முதல் பொய்யை அன்றைக்குத்தான் சொன்னதாக அவளுக்கு இருந்தது, அதைத்தான் அவர்கள் உண்மை என்று எழுதிக்கொண்டார்கள்.

புது மனு நேரத்துக்குள் போய்ச் சேர்ந்திருந்தது. உள்நோக்கம் இல்லாத தவறு என்று ஏற்றுக்கொண்டார்கள். பாப்பா வந்தாள். விமான நிலையத்தில் அவள் வெளியே வந்தபோது புருஷன்தான் அழுதார். இவள் பாப்பாவின் தோளையும் முதுகையும் தடவித் தடவிப் பார்த்து, திரையில் பார்த்ததைவிட எவ்வளவு உயரம் என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே இருந்தாள். வீட்டில் இருந்த ஒரே படுக்கையறையைப் பாப்பாவுக்குக் கொடுத்துவிட்டு இவர்கள் கூடத்தில் படுத்துக்கொண்டார்கள். காலையில் எழுந்ததும் அந்தக் கதவைத் திறந்து பார்ப்பாள், ஆள் இருக்கிறாளா என்று.

மறுவாரம் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனார்கள். அலுவலகத்தில் ஒரு நீளமான மேஜை, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஜன்னலோரம் ஒரு தொட்டிச் செடி. மேஜைக்குப் பின்னால் இருந்த எழுத்தர் கலகலப்பான பெண். பாப்பாவைப் பார்த்துச் சிரித்தாள், அவள் முகத்தையும் இவள் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"அப்படியே உங்க ஜாடை! நீங்கதான் அம்மாவா?"

"இல்லை!"

கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி வந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இவள் நிறுத்தவில்லை. அம்மா இல்லை, தங்கையின் மகள், தாய் தகப்பன் இருவரும் இறந்துவிட்டார்கள், சான்றிதழ் இருக்கிறது என்று தெரிந்த மொழியில் படபடவென்று சொல்லிக்கொண்டே பையைத் திறந்து காகிதங்களை ஒவ்வொன்றாக மேஜைமேல் பரப்பினாள். ஒன்று கீழே விழுந்தது.

எழுத்தர் மிரண்டுபோய் எழுந்துவிட்டாள். "இதெல்லாம் எனக்கு வேண்டாம்மா. நான் சும்மா கேட்டேன். முகம் அப்படியே இருக்குதேன்னு கேட்டேன், அவ்வளவுதான்."

இவள் அப்படியே நின்றாள். எதிரே இருப்பவள் அதிகாரி இல்லை. ஆமாம் என்று சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பாள். யாரும் மிரட்டவில்லை, யாரும் எழுதிக்கொள்ளவில்லை. அப்படியும் வாய் தானாக இல்லை என்று சொல்லிவிட்டது.

பாப்பா குனிந்து, விழுந்த காகிதத்தை எடுத்து மற்றவற்றோடு சேர்த்துப் பைக்குள் வைத்தாள். பையை மூடி இவள் கையில் கொடுத்தாள்.

"இங்க ஆமான்னே சொல்லியிருக்கலாம்ல, பெரியம்மா?" என்றாள்.